வாய் மூடியவனின் வசனம்

அடுத்தவர் வாயில் வார்த்தையைப் போடுவதுதான் என் அக்காவின் வேலை. திட்டுவதாக நினைக்க வேண்டாம், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வேறு மொழியில் எடுத்த தொடர்கள் எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும். திரையில் பேசுகிறவனின் உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று பார்த்துப் பார்த்து, அதற்குள் அடங்குகிற மாதிரி அக்கா தமிழில் வசனம் எழுதுவாள். குரல் கொடுப்பவர்கள் வந்து பேசுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பதிவு செய்வேன். பதினோரு வருஷமாக ஒரே அறை, ஒரே ஏசி குளிர், ஒரே சண்டை.

ஸ்டுடியோவில் அவளுக்கு வசனக்கா என்று பெயர். தொழில் அவளை வீட்டிலும் விடாது. யார் பேசினாலும் அவள் உதடும் கூடவே சத்தமில்லாமல் அசையும். நீங்கள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு மூச்சு வாங்கினால் போச்சு, மீதியை அவளே முடித்துவிடுவாள். அத்தான், அதாவது அவள் கணவர், பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். நாள் முழுக்க டிரைவர்களோடு கத்திவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டில் வாயைத் திறக்க வேலையே இல்லை. "இன்னைக்கு டிப்போல..." என்பார். "ரெண்டு பஸ் ரிப்பேரா? நினைச்சேன்" என்பாள் இவள். பாதி நாள் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி, மனுஷனை மனுஷனுக்கு மேலே ஏற்றுகிற கதைகள்தான். ஒருவனுக்குக் கண்ணில் கம்ப்யூட்டர் சில்லு வைப்பார்கள், ஒருத்திக்குக் கையைக் கழற்றி இரும்புக் கை மாட்டுவார்கள், ஒருவன் ரத்தத்தை மாற்றிக்கொண்டு வந்து சுவரை இடிப்பான். இத்தனையையும் காது புளிக்கக் கேட்டதில் நான் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. தானாக ஆசைப்பட்டு ஊசி போட்டுக்கொண்டவன் எல்லாக் கதையிலும் வில்லன். கட்டிலில் கட்டிப்போட்டு யாராவது வலுக்கட்டாயமாகப் போட்டுவிட்டால் அவன் ஹீரோ. கேட்டு வாங்கினால் பேராசை, கேட்காமல் கொடுத்தால் பாக்கியம். இதென்ன நியாயமோ! அக்காவிடம் சொன்னபோது, "பெரிய ஆராய்ச்சி. மைக்கை ஆன் பண்ணுடா" என்றாள்.

அந்தச் சமயத்தில் ஓஹோவென்று ஓடியது வானுயரன் தொடர். அந்தப் பெயரை வைத்ததும் அக்காதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் குட்டை என்று கேலி செய்கிற ஒரு பையனைச் சில விஞ்ஞானிகள் தூக்கிக்கொண்டு போய், மருந்து ஏற்றி, பத்தடி உயரத்துக்கு வளர்த்துவிடுகிறார்கள். அவன் ஊரைக் காப்பாற்றுகிறான். மூன்றாவது பகுதியில் அந்த மருந்து ஏற்றுகிற காட்சி. பையன் கட்டிலில் கட்டிக் கிடக்கிறான், மூக்கிலிருந்து தாடை வரை முகமூடி, கண் மட்டும் வெளியே. மூல மொழியில் அவன் சொல்வது, "வேண்டாம். என்னை யாருமே கேட்கலையே."

அதைச் சேனல்காரர்கள் பார்த்துவிட்டுப் பதறினார்கள். குழந்தைகள் சாயங்காலம் பார்க்கிற நேரம், இப்படி அழுது வடிந்தால் சேனலை மாற்றிவிடுவார்கள், உற்சாகமாக ஏதாவது வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. வாய் தெரிந்தால்தான் எங்களுக்கு அவஸ்தை. முகமூடி போட்டவன், முதுகைக் காட்டி நிற்பவன், போனில் பேசும்போது தலையைக் குனிந்திருப்பவன், இவர்களெல்லாம் எங்களுக்குக் கிடைத்த வரம். எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். பேனாவை எடுத்த ஐந்தாவது நிமிஷம் எழுதிவிட்டாள்: "வலி ஒரு நிமிஷம். உயரம் ஆயுசுக்கும்!"

அந்தப் பையனுக்குக் குரல் கொடுத்த அம்மாள் அதைக் கர்ஜித்தாள். நான் முரசைக் கூட்டி வைத்தேன். அறையே கைதட்டியது. அடுத்த மாதம் அந்த வரி புத்தகப் பையில் இருந்தது, தண்ணீர் பாட்டிலில் இருந்தது. பஸ்ஸில் இடித்துக்கொண்டு ஏறுகிற பிள்ளைகள் வாயில் எல்லாம் அதுதான். அக்கா ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் என் விலாவில் முழங்கையால் இடிப்பாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா மகளுக்குப் பத்தரை வயது. நான் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பில் அவள்தான் குட்டை, பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அதைப் பற்றி அவள் அலட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. கண்ணாமூச்சி விளையாட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமைதான். அலட்டிக்கொண்டது அத்தான். திடீரென்று ஒருநாள், "இனிமே அவளை அப்படிக் கூப்பிடாதே மாப்ளே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்.

அவர் கதை எங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் வாயால் கேட்டதில்லை. இருபத்தொரு வயதில் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுத்தபோது போயிருக்கிறார். ஓட்டத்தில் முதல். கயிறு ஏறுவதில் முதல். எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டார். கடைசியில் அளவுகோலில் நிற்க வைத்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைவு. அளந்தவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் "அடுத்தது" என்றானாம். இன்றைக்கும் தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனால் அத்தான் பேச்சை நிறுத்திவிட்டு அது திரும்புகிறவரை பார்ப்பார்.

பஸ் டிப்போவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், வளர்வதற்கு ஊசி இருக்கிறதென்று. விசாரித்துவிட்டார். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் அவர்கள் மூவரோடும் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

அந்த டாக்டரம்மா, எலும்பு இன்னும் எவ்வளவு வளரும் என்று பார்க்கப் பொடிசின் இடது கையை எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உங்க பொண்ணுக்கு நோய் எதுவும் இல்லை. அப்பாவும் குட்டை, அம்மாவும் குட்டை, பொண்ணும் அப்படி. அவ்ளோதான். ஊசி போடலாம், சில பேர் போட்டுக்கறாங்க. தினமும் ஒண்ணு, நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ. நாலஞ்சு சென்டிமீட்டர் கூடக் கிடைக்கலாம். கிடைக்கும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

"அவ்ளோல்லாம் வேண்டாம் டாக்டர்" என்றார் அத்தான். "எனக்கு ரெண்டு போதும்."

"உங்களுக்கா?"

அத்தான் முகம் சுண்டிப் போனது. "இவளுக்கு" என்றார்.

டாக்டரம்மா பொடிசின் பக்கம் திரும்பினாள். "நீ என்னம்மா சொல்றே?"

பொடிசு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையைத் தூக்கி, "வலி ஒரு நிமிஷம்! உயரம் ஆயுசுக்கும்!" என்றாள். அதே கர்ஜனை, அதே இழுப்பு. அத்தான் பூரித்துப் போனார்.

"என் பையனும் இதையேதான் சொல்லிட்டுத் திரியறான்" என்று டாக்டரம்மா சிரித்தாள். "அது அந்த வானுயரன் சொன்னது. நீ என்ன சொல்றே?"

பொடிசு விழித்தாள். கையை மெல்ல இறக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஸ்டுடியோவில் வசனம் மறந்தவர்கள் இப்படித்தான் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்ப்பார்கள், அவளும் உதடசைத்து எடுத்துக்கொடுப்பாள். அன்றைக்கு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது அக்கா பேசவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நான் பயந்துவிட்டேன். பொடிசும் அத்தானும் வீட்டு வாசலில் இறங்கிப் போன பிறகு, "அது அவன் சொன்னது இல்லைடா" என்றாள்.

"தெரியும். நான்தானே பதிவு பண்ணேன்."

"நாலு வருஷம் தினமும் ஊசிடா. என் பொண்ணு அதை ஒரு நிமிஷம்னு நினைச்சுட்டு இருக்கா." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டில் தினமும் ரகளை. அத்தானை லேசாக நினைக்காதீர்கள், மனுஷன் வழக்கறிஞர் மாதிரி பேசினார். "நீ கண்ணாடி போட்டிருக்கியே, அது மட்டும் என்ன? கடவுள் கொடுத்த கண்ணுதான் பெரிசுன்னா கழட்டிட்டு ரோட்ல நட."

"கண்ணாடி இல்லைன்னா எனக்குப் பஸ் நம்பர் தெரியாது. அவளுக்கு இப்ப என்ன தெரியாமப் போகுது?"

"மேல் அலமாரி."

"ஸ்டூல் வாங்கிப் போடுங்க."

"வேலைக்கு ஆள் எடுக்கறவன் ஸ்டூல் போட்டா அளக்கறான்?"

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "எல்லாப் பிள்ளைகளும் ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்துட்டா அளக்கறவன் சும்மாவா இருப்பான்? அளவுக் கோட்டையும் ரெண்டு சென்டிமீட்டர் ஏத்திருவான்" என்றாள்.

"ஏத்தட்டும். அதுக்குள்ள என் பொண்ணு உள்ள போயிருவா இல்ல?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் பேசும்போது அவர் பக்கம் நியாயமாகப் பட்டது, அவள் பேசும்போது அவள் பக்கம். தடுப்பூசி போடுகிறோம், பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம், அதையெல்லாம் யாரும் தப்பென்று சொல்வதில்லை. எது குறையைச் சரி பண்ணுவது, எது இருப்பதற்கு மேல் கேட்பது என்று கோடு போடச் சொன்னால் எங்கே போடுவதென்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பதிவு செய்த எந்தக் கதையும் இதில் எனக்கு உதவவில்லை. அங்கே ஊசி போடுகிற காட்சி இருபது வினாடி, அதற்குப் பிறகு சண்டைக் காட்சிதான். நாலு வருஷம் தினமும் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையை எவனும் படம் எடுக்க மாட்டான். இத்தனை சண்டையிலும் பொடிசு பக்கத்து அறையில் கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா மகளைக் கையோடு ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்தாள். "மூணாவது பகுதியைப் போடுடா. மூலக் குரலோட" என்றாள்.

போட்டேன். முரசு இல்லை, கர்ஜனை இல்லை. கருவி ஒன்று டிக் டிக் என்று அடிக்கிறது. முகமூடிக்குள்ளிருந்து ஒரு பையனின் குரல், மெலிசாக, நடுங்கிக்கொண்டு வருகிறது. தொடரோடு வருகிற, மூல வசனத்தை அப்படியே மாற்றி எழுதிய மொழிபெயர்ப்புத் தாளை அக்கா எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினாள். "வேண்டாம். என்னை யாருமே கேட்கலையே."

பொடிசு இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

"மாமா, அவன் அழறானா?"

"ஆமா."

"நம்ம தமிழ்ல அழலையே?"

"அழுகையை எடுத்துட்டு முரசு வச்சது நான்தான்" என்றேன். அதுவரை எனக்கு அது ஒரு தப்பாகவே தோன்றியதில்லை, பொத்தானை நகர்த்தினேன், வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "அப்போ அவன் சரின்னு சொல்லவே இல்லையா? நீதான் சொன்னியா?"

"ஆமாடி."

"ஏன்?"

"வாய் தெரியலை. வாய் தெரியலைன்னா என்ன வேணா எழுதலாம்."

பொடிசு நின்றுபோயிருந்த படத்தைப் பார்த்தாள். "அழறது கண்ணுல தெரியுதே" என்றாள்.

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தாளை மடித்தாள், பிரித்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஆரம்பித்தாள். "அதனாலதான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. டாக்டர் மறுபடியும் கேட்டா பயப்படாதே. எனக்கு நோய் எதுவும் இல்லை, எனக்கு ஊசி வேண்டாம், நான் இப்படியே இருக்கேன்னு சொல்லு. மெதுவா, தெளிவா. 'இப்படியே'ங்கற இடத்துல கொஞ்சம் அழுத்திச் சொன்னா..."

"அக்கா!" என்று கத்தினேன். கோபம் தலைக்கேறிவிட்டது. "வாயை மூடு. மறுபடியும் எழுதிக் கொடுக்கறே!"

கத்தினதற்கு அவள் என்னை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு வேற தெரியாதேடா" என்றாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. பொடிசு பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

இரண்டு வாரக் கெடு முடிந்து ஆஸ்பத்திரியில் அதே அறை, அதே நான்கு பேர். போகிற வழியில் அக்கா என்னிடம், "நான் வாயைத் திறந்தா என் கையைக் கிள்ளு" என்று சொல்லியிருந்தாள். உள்ளே போனதும் அவளே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கேட்டாள். "இப்ப சொல்லும்மா. ஊசி போட்டுக்கறியா?"

பொடிசு குதித்து இறங்கவில்லை. நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஆனது. அத்தான் தொண்டையைச் செருமினார். அக்காவின் நகம் என் தோலில் இறங்கியது, எரிச்சல் தாங்கவில்லை. ஸ்டுடியோவாக இருந்தால் இவ்வளவு நேரம் மௌனம் ஓட நான் விட்டிருக்க மாட்டேன்.

"எனக்குத் தெரியலை" என்றாள் பொடிசு.

"தெரியலைன்னா..." என்று அத்தான் ஆரம்பித்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்து விரலை உயர்த்தினாள்.

"எத்தனை நாள் வரைக்கும் தெரியாம இருக்கலாம்?" என்று பொடிசு கேட்டாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஆறு மாசம் தாராளமா இருக்கலாம். அதுக்கு மேல போனா ஊசி போட்டாலும் பலன் குறையும்."

"சரி." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, நான் போட்டுக்கலைன்னா உங்களுக்கு என் மேல கோவம் வருமா?"

"சேச்சே, கோவம் என்னத்துக்கு?" என்றார் அத்தான். அக்கா முடித்துவைப்பாள் என்று பழக்கத்தில் ஒரு நிமிஷம் காத்திருந்தார். அவள் முடிக்கவில்லை. அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. "எனக்கு எல்லாம் வந்துச்சும்மா. ஓடினேன், கயிறு ஏறினேன். ரெண்டு சென்டிமீட்டருக்காகத் திருப்பி அனுப்பிட்டாங்க. பஸ்ல அழுதுட்டே வந்தேன். உன்னை அப்படி யாரும் அனுப்பிடக் கூடாதுன்னுதான்."

"அன்னைக்குக் கூட யார் வந்தாங்க?"

"யாரும் வரலை. தனியாத்தான் போனேன்."

"என்னை அனுப்பினா நீங்க வருவீங்கல்ல?"

"வருவேன்."

"பஸ்ல கூடவே?"

"வருவேம்மா" என்றார். கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். என் மணிக்கட்டை அப்போதும் விடவில்லை.

அந்த ஆறு மாதம் அக்காவுக்கு வனவாசம். மகள் வாயைத் திறந்தால் இவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள், பாத்திரத்தை உருட்டுவாள். ஒரு நாளாவது "என்ன யோசிச்சே?" என்று கேட்க வேண்டுமென்று அவளுக்கு உயிர் போகும். கேட்கவில்லை. அத்தானும் கேட்கவில்லை, ஆனால் மகள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டுடியோவிலும் ஒரு மாற்றம். முகமூடிக்காரன் திரையில் வந்தால் அக்கா இப்போதெல்லாம் மொழிபெயர்ப்புத் தாளை இரண்டு தடவை படிக்கிறாள். சேனல்காரர்களோடு சண்டை போடுகிறாள். பாதிக்குப் பாதி தோற்கிறாள். வேலை தாமதமாகிறது என்று நான் புலம்புகிறேன்.

ஆறாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அக்கா வீட்டுக்கு டீ குடிக்கப் போயிருந்தேன். பொடிசு ரொட்டியை மென்றுகொண்டே, "நான் யோசிச்சுட்டேன். ஊசி வேண்டாம்" என்றாள்.

அத்தானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் நாக்கின் நுனி வரை வந்தது, அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பொடிசு ரொட்டியை முடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு விளையாட ஓடிவிட்டாள்.

மறுநாள் டிப்போவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தது அத்தான்தான். அந்தப் பக்கம் ஒரு பெண் ஏதோ படிவம் நிரப்பினாள் போல, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆமாங்க, வேண்டாம். ஆமா, யோசிச்சுத்தான்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும் சற்று நின்றார்.

"இல்லைங்க, பெத்தவங்க முடிவு இல்லை" என்றார். "அவளே சொன்னா. அப்படியே எழுதிக்கோங்க."